நஸீமா டீச்சர் போட்ட அறுபத்து நான்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு என்றால் பூப்படத்தோடு காலை வணக்கம்தான் வரும். அதனால் போன் இரண்டு மூன்று முறை ஒலித்தும் எடுத்துப் பார்க்கவில்லை. பஸ் டவுனுக்குள் நுழையும்போதுதான் பார்த்தேன். "நஸீமா டீச்சர் இன்னைக்குக் காலையில மௌத்தாகிட்டாங்க. மாரடைப்பு. அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா நல்லடக்கம்." அதற்குக் கீழே உடற்கல்வி சேர் கைதவறிக் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு, பதறிப்போய் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டிருந்தார். வெறும் காய்கறிப் பையோடு நேரே டீச்சரின் வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் அவருடைய கணவர் ரஸீன் நானா நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க விஜி டீச்சர். நேத்தும் உங்க மகளைத்தான் கேட்டா. லீவுக்கு வருதான்னு" என்றார். உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். இடம்விட்டு என்னை உட்கார வைத்தார்கள். டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை இரண்டு வருடங்களாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அப்போதும் வாய் வரவில்லை. அவரிடம் படித்தவர்களும் அவரோடு படிப்பித்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நஸீமா டீச்சர் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தார். ஆசிரியர் அறையில் பதினான்கு வருடம் என் மேசையும் அவர் மேசையும் ஒட்டியிருந்தன. என் பாடம் தமிழ். எழுபது, எண்பது என்று நான் தாராளமாகவே போடுவேன். அவர் என் விடைத்தாள்களை எட்டிப் பார்த்து, "கலியாண வீட்டுச் சோறு மாதிரி அள்ளி வைக்கிறீங்களே டீச்சர்" என்று கேலி செய்வார். அவருடைய தவணைப் பரீட்சையில் நாற்பது எடுத்தால் பிள்ளை தப்பியது என்று அர்த்தம். அறுபது எடுத்தால் உயர்தரத்தில் 'ஏ' நிச்சயம். மாத்தளையில் டியூஷன் மாஸ்டர்மாருக்குக்கூட இது தெரியும். சண்டைக்கு வரும் பெற்றோரிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "என்ட கிளாஸ்ல அழுதா எக்ஸாம் ஹோல்ல சிரிக்கலாம்."

அவருக்குக் கோபம் வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்த்தேன். புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் புள்ளிப் பதிவேட்டில் எழுதியதை வெள்ளை மை பூசி மறைத்துக்கொண்டிருந்தார். நஸீமா டீச்சர் எழுந்துபோய் அந்த மைப் புட்டியை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார். "பிழையை மூடாதீங்க தங்கச்சி. ஒரே ஒரு கோடு போட்டு வெட்டுங்க. பக்கத்துல சரியானதை எழுதி சைன் வைங்க. பிழை விட்டது யாருன்னு தெரிஞ்சிட்டா அது பாதி சரியான மாதிரி." அந்தப் புட்டி திரும்பிப் போகவேயில்லை.

என் மகள் துர்க்கா அவர் வகுப்பில்தான் இருந்தாள். உயர்தரம் எழுதும் வருடத்தில் ஒரு நாள் பஸ்ஸில் வைத்து, "அம்மா, நான் அமெரிக்காவுல யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணப் போறேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் படிப்புச் செலவு முழுவதையும் கொடுக்கிற பல்கலைக்கழகங்கள் சில இருக்கின்றனவாம். அவற்றில் எட்டைப் பொறுக்கி எழுதி வைத்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை யாரும் அப்படி விண்ணப்பித்ததில்லை. அதிபரிடம் போனேன். "எங்க சைன் வைக்கணும்னு மட்டும் காட்டுங்க டீச்சர், வைக்கிறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவள் போனைக் கேட்டு வாங்கி விதிகளை நானும் வாசிக்கத் தொடங்கினேன். பிள்ளை தன்னைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும். படிப்புக்கு வெளியே என்னென்ன செய்தாள் என்று பட்டியல் போடவேண்டும். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருவதைத் தவிர எங்கள் பிள்ளைகள் வேறு என்னத்தைச் செய்துவிட முடியும்? அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான்கு வருடப் புள்ளிகளையும் பள்ளிக்கூடமே நேரடியாக அனுப்பவேண்டும் என்றார்கள். பன்னிரண்டாம் தரக் கடைசித் தவணையில் துர்க்காவுக்கு இணைந்த கணிதம் அறுபத்து நான்கு. வகுப்பிலேயே அதுதான் ஆகக் கூடியது. அடுத்த பிள்ளைக்கு ஐம்பத்தொன்று. ஆனால் அமெரிக்காவில் அறுபத்து நான்கு என்றால் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளை என்று இணையத்தில் வாசித்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வகுப்பாசிரியர் நஸீமா டீச்சர். புள்ளிகளை எழுதி அனுப்பப்போவதும் அவர். பாட ஆசிரியராகச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போவதும் அவர். இடைவேளையில் மெல்லப் பேச்செடுத்தேன்.

"டீச்சர், ஆறை எட்டாக்கினா போதும். அங்க இருக்கிறவங்களுக்கு உங்க அறுபத்து நாலுக்கு அர்த்தம் தெரியாதுங்க."

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி என்னைப் பார்த்தார். "ஏலாது டீச்சர்."

"ஒரு பிள்ளையோட வாழ்க்கை டீச்சர்."

"இருபத்தேழு பிள்ளை ஈக்கிறாங்க. மாத்துறதுன்னா எல்லாருக்கும் மாத்தணும். அப்புறம் நான் என்னத்துக்கு வகுப்புக்குப் போறது?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அர்த்தம் தெரியாட்டி அர்த்தத்தைச் சொல்லிக் கொடுப்போம். பயப்படாதீங்க."

நான் பயப்பட்டேன். அதோடு கோபமும் பட்டேன். இவருக்கென்ன, இவர் பிள்ளையா என்று நினைத்தேன். இவ்வளவுக்கும் என் பிள்ளைக்குச் சனிக்கிழமைகளில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் நஸீமா டீச்சர் லீவு. அவருடைய வகுப்புக்கு ரிலீஃப் போனது நான். அவர் மேசையில் பிள்ளைகளின் வரவு இடாப்போடு புள்ளிப் பதிவேடும் இருந்தது. அதை அவர் பூட்டி வைப்பதேயில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். துர்க்கா மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே இருந்த ஆறின் தலையை வளைத்து மூடினேன். எட்டாகிவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை. அவசரத்தில் அந்த எட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது.

துர்க்காவின் முன்னேற்ற அறிக்கையில் ஏற்கனவே அறுபத்து நான்கு என்று இருப்பதும், அதில் நானே பெற்றோர் என்று கையெழுத்து வைத்திருப்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தன. களவும் கற்று மற என்பார்கள். எனக்குக் கற்கவே வரவில்லை.

மறுநாள் நஸீமா டீச்சர் வந்தார். பதிவேட்டை விரித்தார். நான் பக்கத்தில் விடைத்தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. பிறகு சிவப்புப் பேனையை எடுத்தார். ஏதோ எழுதினார். பதிவேட்டை மூடி லாச்சிக்குள் வைத்து, எனக்குத் தெரிய முதல் தடவையாகப் பூட்டினார். "தேத்தண்ணி குடிக்கப் போவோமா விஜி டீச்சர்?" என்றார். போனோம். குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம். துர்க்கா ஒரு மாலை போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, டீச்சர் எழுதுற லெட்டரை நான் பார்க்கவே மாட்டேன்னு இதுல டிக் போடணுமாம். அப்பதான் அவங்க நம்புவாங்களாம். போடவா?" என்றாள். எங்கள் ஊரில் நற்சான்றுக் கடிதத்தைப் பிள்ளையின் கையில்தான் கொடுப்பார்கள். பிள்ளை அதை நான்கு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். இது எங்களுக்குத் தெரியாமலே போகிற கடிதம். அதில் அவர் என்ன எழுதுவார்? இந்தப் பிள்ளையின் தாய் புள்ளியைத் திருத்தினாள் என்று எழுதினால்? நேர்மை தவறாதவர் ஆயிற்றே, எழுதத்தானே வேண்டும்? "போடும்மா" என்றேன்.

கடிதம் அனுப்பிய அன்று அவரே வந்து சொன்னார். "நான் போட்ட கொஸ்டின் பேப்பரையும் இங்கிலீஷ்ல எழுதி, வகுப்புல மத்தவங்க எடுத்த மார்க்ஸையும் பேரில்லாமச் சேர்த்து அனுப்பியிருக்கேன். அறுபத்து நாலு சின்னதுன்னு நினைக்கிறவங்க ஒருக்கா செஞ்சு பார்க்கட்டுமே."

"துர்க்காவோட மார்க்ஸ் என்னன்னு போட்டீங்க?" என்று கேட்டேன்.

"ரெஜிஸ்டர்ல என்ன ஈக்கோ அதைத்தான்" என்றார்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அமெரிக்காவில் நள்ளிரவோடு முடிகிற காலக்கெடு இங்கே மறுநாள் காலை பத்தரைக்கு முடிகிறது. அந்தக் காலையில் எங்கள் வீட்டில் சிக்னல் விட்டு விட்டு வர, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து துர்க்கா எட்டாவது விண்ணப்பத்தையும் அனுப்பினாள். நான் வாசலில் நின்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். எதற்கென்று வேண்டினேன் என்பது அம்மனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

பாடசாலை திறந்து சில வாரங்களில் பதிவேடுகளைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நஸீமா டீச்சரின் பதிவேட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"என்ன டீச்சர் இது, வெட்டித் திருத்தி இருக்கு? அதுவும் வகுப்புல ஆகக் கூட எடுத்த பிள்ளையோட மார்க்ஸ். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

நஸீமா டீச்சர் எழுந்து நின்றார். "என்ட பிழைதான் சேர். பதியும்போது கண் பிசகிட்டுது."

"இத்தனை வருஷ சேர்விஸ்ல இப்படிக் கவனக்குறைவா இருக்கலாமா?"

"இனிமே நடக்காது சேர்."

இரண்டு கதிரை தள்ளி நான் இருந்தேன். எழுந்து, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையின் விண்ணப்பம் முடிவாகாமல் இருக்கும்போது விஷயம் வெளியே போனால் என்ன ஆகும் என்று உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், வெட்கம். பதினான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது.

மார்ச் மாதக் கடைசியில் பதில்கள் வந்தன. ஒவ்வொன்றாக ஏழு இடங்களும் இல்லை என்றன. நான் செய்த காரியத்துக்குப் பிள்ளை தண்டனை அனுபவிக்கிறாள் என்றே நம்பினேன். எட்டாவதைத் துர்க்கா அடுப்படியில் நின்று திறந்தாள். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். "அம்மா, ரொட்டி கருகுது" என்றாள். பிறகு அழுதாள். முழு உதவியோடு இடம் கிடைத்திருந்தது.

மறுநாள் நஸீமா டீச்சருக்கு லட்டு கொண்டுபோனேன். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ். கணக்கை விட்டுடாம படிக்கச் சொல்லுங்க" என்றார். "டீச்சர், அந்தப் பதிவேட்டுல..." என்று ஆரம்பித்தேன். "லட்டு நல்லா ஈக்கி. மத்ததையும் தாங்க" என்றார். அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. பிறகு பேச எத்தனையோ நாள் இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

துர்க்கா இப்போது அங்கே இரண்டாம் வருடம். டீச்சரின் மரணச் செய்தியைச் சொன்னபோது போனிலேயே விம்மினாள். "டீச்சர்தாம்மா என்னை அனுப்பினாங்க" என்றாள். ஆமாம் என்றேன். இதை அவளும் வாசிப்பாள். வாசித்த பிறகு என்னோடு எப்படிப் பேசுவாளோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.

போன வாரம் டீச்சரின் மேசையை ஒழுங்குபடுத்தும்படி அதிபர் என்னிடம் சாவியைத் தந்தார். லாச்சிக்குள் காய்ந்துபோன அந்த வெள்ளை மைப் புட்டி இருந்தது. அடியில் பதிவேடு. அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தை முதல் தடவையாகத் திறந்தேன். என் கோணல் எட்டின் மேல் சிவப்பில் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் அறுபத்து நான்கு. அதற்குப் பக்கத்தில் அவருடைய சின்னக் கையெழுத்து, பிழை விட்டவர் வைக்கவேண்டிய இடத்தில்.

பதிவேட்டை அதிபரிடம் ஒப்படைத்துவிட்டேன். டீச்சரின் சிவப்புப் பேனையை ரஸீன் நானாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பேனையும், பிழையை எப்படி வெட்டவேண்டும் என்று அவர் சொன்னதும்தான். அந்த எண்பத்து நான்கை எழுதியது நஸீமா டீச்சர் அல்ல. பக்கத்து மேசையில் இருந்த நான். இரண்டு வருடம் பிந்தி, என் பிழைக்குப் பக்கத்தில் என் கையெழுத்தை வைக்கிறேன்.

விஜயலெட்சுமி, தமிழ் ஆசிரியை.