நாலு மடிப்பு

பேருந்தில் முன்னால் நிற்பவரின் தோள்பட்டைத் தையலை வெள்ளையன் இரண்டு விரலால் நீவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் திரும்பி முறைத்ததும், "ஒண்ணுமில்லீங்க, நூலு பிரியுது. ஊட்டுக்குப் போனதும் ஒரு முடிச்சுப் போட்டுக்குங்க" என்கிறார். நெருப்பெரிச்சல் ஊரின் பனியன் கம்பெனிகளில் இருபத்தாறு வருடமாக ஓரம் அடித்து இணைக்கிற ஓவர்லாக் டெய்லர். ஆளின் முகம் மறந்தாலும் மறப்பார், அவர் போட்டிருந்த சட்டையின் தையல் அவருக்கு மறக்காது.

இப்படிப்பட்டவர் வீட்டில் தீபாவளி நோம்பிக்குத் துணிக்கடை ஏறுகிற வழக்கம் கிடையாது. மூன்று வாரம் முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளில் மிஞ்சிய கட்பீஸ் துணியைக் கிலோக் கணக்கில் விற்கிற இடத்துக்குக் குடும்பத்தோடு போவார்கள். மலையாய்க் கிடக்கும் குவியலில் கழுத்துவரை புகுந்து, ஒரே நிறத்தில் நாலு கைவைத்த பனியனுக்குத் தேறுகிற துணியை இழுத்துக்கொண்டு வருவது மகன் பிரதீப்பின் வேலை. வீட்டுக்கு வந்ததும் துணியை நாலு மடிப்பாக விரித்து வெள்ளையன் ஒரே வெட்டாக வெட்டுவார். பிறகு ஆளுக்குத் தக்கபடி அளவைக் குறைத்து, வீட்டிலிருக்கும் பழைய மிஷினில் தைப்பார். மனைவி மயிலாள் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். நூல் பிசிறு வெட்டுவது அவள் பாடு.

நோம்பியன்று விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பனியன் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து, மகளும் சேர்த்து நாலு பேரும் ஒரே நிறத்தில் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சேலைக்கு மேல் கத்திரிப்பூ நிறப் பனியனோடு நிற்கும் மயிலாளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரிக்காதவர்கள் பாக்கியில்லை. "சிரிச்சாச் சிரிக்கட்டுங்க. கூட்டத்துல தொலைஞ்சாலும் எந்த ஊட்டு ஆளுன்னு தெரியுமில்லீங்களா" என்பார் வெள்ளையன்.

போன வருடம் ஆவணியில், ஷிப்ட் முடிந்து வண்டியில் வந்த பிரதீப்பை ஊத்துக்குளி ரோட்டில் லாரி அடித்துவிட்டது. இருபத்திரண்டு வயது. அந்தத் தீபாவளிக்கு அந்த வீட்டில் அடுப்புகூட நேரத்துக்கு எரியவில்லை. மிஷின் மேல் போர்த்திய பழைய வேட்டியை யாரும் தொடவில்லை. இப்போது வருடம் திரும்பிவிட்டது, துக்கம் முடிந்தது, இனி நோம்பி கும்பிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். துக்கத்துக்குத் தேதி குறிக்கிற சாமர்த்தியம் சொந்தக்காரர்களுக்குத்தான் வரும்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு பார்சல் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தமிழ்மதி அனுப்பியது. அம்மாவுக்குப் பட்டு, அப்பாவுக்குப் பெரிய கம்பெனிச் சட்டை. வெள்ளையன் சட்டையை உள்புறம் திருப்பி, தையலை ஒரு முழம் பார்த்துவிட்டுத்தான் மகளிடம் பேசினார்.

"சட்டை நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா நோம்பிக்கு நம்ம பனியன்தானே போடோணும்? நீ எப்ப வாறே?"

"நான் வல்லீங்கப்பா. பனியனும் வேண்டாங்கப்பா" என்றாள் அவள். பிறகு குரல் உடைந்தது. "மூணு பேரு ஒரே கலர்ல நின்னா, நாலாவது ஆளு எங்கேன்னுதானே பாக்கறவங்களுக்குத் தோணும்? என்னால முடியாதுங்கப்பா."

அவள் சொன்னதில் தப்பில்லை என்று வெள்ளையனுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பனியனையும் விட்டுவிட்டால், தாங்கள் ஒரு வீட்டு ஆட்கள் என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது என்கிற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. மகள் இந்த நோம்பிக்கு வராவிட்டால் பிறகு என்றைக்குமே வரமாட்டாள் என்று தோன்றிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், குவியலில் புகுந்து, ஆவாரம்பூ நிறத்தில் ஒரு துணியோடு வந்தார். மூச்சு வாங்கியது. இந்த வேலையைப் பையன் எப்படித்தான் சிரித்துக்கொண்டே செய்தானோ!

வேட்டியை விலக்கி, மிஷினுக்கு எண்ணெய் விட்டு, துணியை விரித்து வெட்டினார். தனக்கும் மயிலாளுக்கும் மகளுக்கும் தைத்து முடித்தார். வராத மகளுக்கு எதற்கு என்று மயிலாள் கேட்கவில்லை. அடுத்ததையும் எடுத்துத் தோளை இணைத்து ஓட்டிய பிறகுதான் கை நின்றது. பழக்கத்தில் நாலு மடிப்பாகப் போட்டிருக்கிறார். மற்ற மூன்றிலும் அளவு குறைத்தாயிற்று. வீட்டிலேயே உயரமானவனுடையது என்பதால் எப்போதும் குறைக்காமல் விடுகிற அந்த அளவு மட்டும் முழுசாகக் கையில் இருக்கிறது.

பிரித்துப் போட மனம் வரவில்லை. கையையும் கழுத்தையும் வைத்து முடித்து, மயிலாள் கடைக்குப் போன சமயம் பார்த்து, நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் தள்ளினார். அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்பது அவர் கணக்கு. முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தும் ஆண்பிள்ளைகளின் கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

நோம்பியன்று விடியலில் குளித்து, ஈரத்தலையோடு ஆவாரம்பூ நிறப் பனியனைப் போட்டுக்கொண்டு நின்றபோது கைப்பேசி அடித்தது. திரையில் தமிழ்மதியின் முகம். அப்பாவின் உடம்பில் இருந்த நிறத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்குந் தைச்சீங்களாப்பா?"

"தைக்காம இருப்பனா கண்ணு?" அவளுடையதை எடுத்து விரித்துக் காட்டினார்.

"பொங்கலுக்கு வந்து போட்டுக்கறங்கப்பா. அம்மாளக் காட்டுங்க."

வெள்ளையன் திரும்பினார். சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த மயிலாளின் மடியில் அந்தப் பெரிய பனியன் இருந்தது. தோளில், கழுத்தில், கையில் ஒரு பிசிறு இல்லை. எந்த நாளிலோ எடுத்து, அத்தனை நூலையும் வெட்டிவிட்டுத் அவருக்குத் தெரியாமல் திரும்ப அதே பெட்டிக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள்.

"அப்பா, அம்மாளக் காட்டுங்க!"

"இரு கண்ணு, டவர் எடுக்கல" என்று சொல்லிவிட்டு, வெள்ளையன் கேமராவை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். நாலாவது பனியனின் ஓரத்தில் மயிலாள் மஞ்சள் வைத்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.