முனையில்லாத எழுத்து

ஒண்டிக்கடை பஜாரில் இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த எழுத்துதான். ஐஸ்கிரீம் கடைப் பலகையில், காதுகுத்து ஃபிளெக்ஸில், பொம்மை விற்கிற வண்டியில். தடித்து, கொழுத்து, முனை என்று ஒன்றே இல்லாமல் உருண்ட எழுத்து. கம்ப்யூட்டரில் அதற்கு ஏதோ பெயர் இருக்கிறதாம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். நான் நடையை எட்டிப் போட்டுவிடுவேன்.

எனக்கு அது மாமாவின் எழுத்து. மாமா, அம்மாவின் தம்பி. கல்யாண மேடைகளுக்குத் தெர்மாகோலில் பெயர் வெட்டுகிறவர். சுடுகம்பியை உள்ளே விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வளைப்பார். புகை கண்ணைக் கரிக்கும்.

"கூரா வெட்டுனா முனை ஒடஞ்சிரும் கண்ணு. உருட்டி உட்டமுன்னா நொம்ப நாளைக்கு நிக்கும்."

என் தம்பியின் முதல் பிறந்தநாளுக்கு, வீட்டுச் சுவரில் வைக்க, அவன் பெயரை வெட்டினார். ஆரோன். அவன் தொடையைப் போலவே குண்டு குண்டாக மூன்று எழுத்து. ரோஸ் சாயம் பூசி, காய்வதற்கு பீரோமேல் வைத்திருந்தது. என் பெயரை யாரும் அப்படி வெட்டியதில்லை. கேட்டால் மாமா சிரிப்பார்.

"உனக்கில்லாததா சாமி? அடுத்தது உம்பேருதான்."

சாயம் காய்வதற்குள் தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. எங்கள் ஊர் தலைச்சோலையிலிருந்து, கீழே பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். பனிமூட்டம். பஸ் ஊர்ந்து ஊர்ந்து மலை இறங்கி முடிப்பதற்குள், அம்மாவின் மடியிலேயே அவன் அடங்கிவிட்டான்.

எங்கள் சபையில் பெட்டிமேல் வெள்ளைத் துணி போர்த்தி, கறுப்புத் தாளில் கூராக வெட்டிய பெயரை ஒட்டுவதுதான் வழக்கம். அம்மா பீரோவைக் காட்டினாள். அப்பா தலையைத் தூக்கவேயில்லை. பெரியப்பாதான் அதட்டினார்.

"ஏம்மா, இதென்ன கல்யாண ஊடா? ரோஸ் கலர்ல!"

"அவனுக்குன்னு வெட்டுனதுங்க. அவங்கூடவே போகட்டும்."

பெரியப்பாவுக்கு அம்மா பதில் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மாமா எழுத்தைத் தொட மறுத்துவிட்டார். அம்மாவே இறக்கினாள். குண்டூசியால் துணியோடு சேர்த்துக் குத்தினாள். சுவருக்கென்று வெட்டியவை, பெட்டியோ அவ்வளவு சிறியது. முதல் இரண்டு எழுத்திலேயே நிறைந்துவிட்டது. கடைசி எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டே கல்லறைத் தோட்டம்வரை நடந்தாள்.

மழை விட்டிருந்த மண். பெட்டி இறங்கியதும் கையிலிருந்ததையும் அம்மா உள்ளே விட்டாள். எடையே இல்லாமல், காற்றில் ஆடி ஆடி, அவசரமில்லாமல் போனது. எனக்கு அது அழகாக இருந்தது. மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அடுத்தது எம்பேருதானுங்க மாமா?"

அவர் கை என் வாயைப் பொத்தியது. மூச்சு முட்டுகிற இறுக்கம். விரல்களில் சுட்ட தெர்மாகோல் வாசம். சொன்ன சொல்லை மாற்றப் பார்க்கிறார் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.