முந்திரிப்பழத் தொண்டை

பாப்பாயிக்கு ஏழு வயசுல அம்மை போட்டுச்சு. மூஞ்சியில ரெண்டு தழும்பு இன்னும் இருக்கு. அவ வாக்கப்பட்டு வந்த ஊரு விக்கிரமங்கலத்துக்குப் பக்கம். அங்க எந்த வூட்ல அம்மை போட்டாலும் மொதல்ல பாப்பாயியத்தான் கூப்புடுவாங்க. ஒருவாட்டி வந்துட்டுப் போனவள மறுபடி தொடாதுல்ல, அதான். வேப்பிலைய விரிச்சு, இளநிய வெட்டிக் கொடுத்து, தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் அவதான் கூட இருப்பா. பெத்தவங்க வாசப்படியில நின்னு எட்டிப் பார்த்துட்டு நழுவிடுவாங்க.

கொரோனா வந்தப்பவும் ஊரு அதே கணக்கத்தான் போட்டுச்சு. அவளும் அதையேதான் போட்டா.

அவளுக்குக் கொரோனா வந்தது மொத வருஷமே. அப்ப கோயம்பேட்டு மார்க்கெட்ல வெங்காயம் பொறுக்கற வேலைக்குப் போயிருந்தா. மார்க்கெட்ட மூடினதும், காய்கறி லாரியில தார்ப்பாய்க்கு அடியில படுத்துக்கிட்டு ஊரு வந்து சேர்ந்தா. வந்த அன்னிக்கே மூக்குல குச்சிய விட்டுப் பார்த்து, பெரம்பலூர்ல ஒரு காலேஜ் ஆஸ்டல்ல பதினாலு நாளு அடைச்சு வச்சாங்க. காய்ச்சல், அடிச்சுப் போட்ட மாதிரி மேல்வலி. வாயில சோத்தப் போட்டா மண்ணத் தின்ன மாதிரி இருந்துச்சு.

பொழச்சு வந்தவள ஊரு குழாயடியில சேர்க்கல. எல்லாரும் புடிச்சு முடிச்சப்பறம் கடைசிக் கொடம் அவளுது. பெரியவூட்டு சாந்தா, அவ நடந்துபோன தெருவுல தன் மவன் ராஜராஜன விட்டு பிளீச்சிங் பவுடர் தூவ வச்சா. கோயம்பேட்டுக்காரின்னு பேரே வச்சுட்டாங்க.

அடுத்த வருஷம் பங்குனிக் கடைசியில பள்ளிக்கூடத்துல ஊசி போட ஆரம்பிச்சாங்க. நர்சு சண்முகப்பிரியா வூடு வூடா வந்து சொல்லிட்டுப் போச்சு. பாப்பாயி புருஷன் அரியமுத்து சக்கரை உள்ள மனுஷன். நாலு ஆடு, குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு முந்திரித் தோப்பு, அதுதான் அவரு உலகம். ஊசி போட்டுக்கணும்னு ஆசைப்பட்டதே அவருதான்.

"சக்கரை இருக்கறவங்க மொதல்ல போட்டுக்கணுமாம். போயிட்டு வந்துடட்டுமா?"

"அந்தக் கூட்டத்துல போயி நின்னா அங்கேயே ஒட்டிக்கும். நீங்க தோப்ப விட்டு எங்கேயும் போவாதீங்க. ரேஷன், கடை, வெளி வேலை பூரா நான் பாத்துக்கறேன். எனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே. என்னத் தாண்டி அது உங்ககிட்ட வந்துடுமா?"

அரியமுத்து பொண்டாட்டி பேச்சத் தட்டறவரு இல்ல. டீக்கடைக்குக் கூட போவல. முடி வெட்டிக்கறதுக்கும் அவ விடல. காது மறைய முடி வளந்து, சாமியாரு மாதிரி ஆடு மேச்சுக்கிட்டுக் கெடந்தாரு.

சித்திரையில சாந்தா புருஷன் ஆண்டவரு படுத்தாரு. ஆஸ்பத்திரி எதுலயும் எடமில்லாத நேரம். மாத்திரையக் கொடுத்து வூட்லயே வச்சுப் பார்க்கச் சொல்லிட்டாங்க. சாந்தா தடுப்பூசி போட்டுக்கிட்டவதான், ஆனாலும் புருஷன் படுத்திருந்த ரூமுக்குள்ள காலெடுத்து வைக்கல. ராஜராஜன் வந்து வேலிக்கு அந்தாண்ட நின்னான்.

"பாப்பாயிக்கா, ஒனக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே. அப்பாவ நீதான் பாக்கணும்."

போன வருஷம் பவுடர் தூவுனவன் வாயில அன்னிக்குத்தான் அக்கா வந்துச்சு. அரியமுத்து சிரிச்சுட்டாரு. "அக்காங்கறான்டி. மறுபடி எந்தக் காலத்துல கூப்புடப் போறான், போயிட்டு வா."

போனா. பதினோரு நாளு. கஞ்சி ஊட்டினா, குப்புறத் திருப்பிப் படுக்க வச்சா, மூத்திரத் துணிய அலசினா. மூஞ்சில கட்டிக்கச் சொல்லி ஒரு மாஸ்க்கு கொடுத்தாங்க. மூச்சு முட்டுதுன்னு கழட்டி இடுப்புல சொருவிக்கிட்டா. அம்மை பார்க்கப் போனப்பல்லாம் மூஞ்சிய மூடிக்கிட்டா பார்த்தா? சாயங்காலம் வூட்டுக்கு வந்து தலையோட தண்ணி ஊத்திக்கிட்டு, புருஷன் பக்கத்துல உக்காந்து சாப்புடுவா.

ஒம்பதாம் நாளு தொண்ட கரகரன்னுச்சு.

அது முந்திரிப்பழக் காலம். கொட்டையத் திருகி எடுத்துக்கிட்டு, நல்ல செவப்புப் பழமா பார்த்து வாயில போட்டுக்கிட்டேதான் அந்தப் பக்கத்துல எல்லாரும் வேலை பார்ப்பாங்க. வெறும் பழத்தத் தின்னா தொண்டயப் புடிக்கும். சித்திரை வைகாசியில ஊரே செருமிக்கிட்டுத்தான் திரியும், யாரும் அத ஒரு நோவுன்னு நெனைக்க மாட்டாங்க. பாப்பாயியும் அன்னிக்குக் காலையில தோப்புல மூணு பழம் தின்னிருந்தா.

"உப்பு தொட்டுத் தின்னுன்னா கேக்கறியா?"ன்னு அரியமுத்து ஏசினாரு. அவ தண்ணி குடிச்ச சொம்பையே வாங்கி மிச்சத்தையும் குடிச்சாரு.

கரகரப்பு ரெண்டு நாளு இருந்துச்சு. காய்ச்சல் இல்ல, மேல்வலி இல்ல, சோறு நல்லாவே எறங்குச்சு. மூணாம் நாளு தொண்ட தெளிஞ்சுடுச்சு. அத்தோட அவ அத மறந்துட்டா.

நாலு நாளு கழிச்சு அரியமுத்துக்குக் காய்ச்சல். ஏழாம் நாளு நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குச்சு. தா.பழூர்லேர்ந்து மருமவன் கார் புடிச்சுக்கிட்டு வந்து அரியலூருக்குக் கொண்டு போனாரு. ஆறு நாளு ஆக்ஸிஜன் வச்சிருந்தாங்க. அப்பறம் வெள்ளப் பையில சுத்தி, இருபதடி தூரத்துலேர்ந்து காட்டினாங்க. முடி வெட்டாத தலை பையில ஒரு பக்கம் புடைச்சுக்கிட்டுத் தெரிஞ்சுச்சு. பாப்பாயிக்கு அது மட்டும்தான் கண்ணுல நிக்குது.

ஆண்டவரு எழுந்து நடமாடினாரு. சாந்தா வந்து தெருமுனையில நின்னு, எங்க வூட்டுக்கு வௌக்கேத்தி வச்ச, ஒனக்குப் போயி இப்படி ஆயிடுச்சேன்னு அழுதா. நெசமாத்தான் அழுதா. பாப்பாயிக்குத்தான் அழுவ வரல. ஒண்ணே ஒண்ணத் தெரிஞ்சுக்கணும் அவளுக்கு. தோப்ப விட்டு வெளிய போவாத மனுஷனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

ஆவணியில ஏதோ ஆராய்ச்சின்னு சொல்லி ரத்தம் எடுக்க வந்தாங்க. பாப்பாயி அதுவரைக்கும் ஊசி போட்டுக்கல. கையக் காட்டினா. ஒரு மாசம் கழிச்சு சண்முகப்பிரியா சீட்டக் கொண்டாந்துச்சு. பாவம், நல்ல சேதி சொல்ற மொகத்தோட வந்துச்சு அந்தப் பொண்ணு.

"ஒங்க ரத்தத்துல எதிர்ப்பு சக்தி நெறைய இருக்குங்கக்கா. இந்த ஊர்லயே ஒங்களுக்குத்தான் அதிகம்."

"அதான் மொத வருஷமே வந்துச்சே."

"அது வந்து பதினஞ்சு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. அவ்வளவு நாளானா எறங்கியிருக்கணும். நடுவுல இன்னொரு வாட்டி ஒங்களுக்கே தெரியாம வந்து போயிருக்கும்னு சொல்றாங்க."

பாப்பாயி மொறத்தக் கீழ வச்சா. "வந்தவளுக்கு மறுபடி வருமா?"

"அம்மை மாதிரி இல்லக்கா இது. அம்மை ஒருவாட்டி வந்தா ஆயுசுக்கும் ஒடம்பு மறக்காது. இதுக்குக் கொஞ்ச நாளுதான் ஞாபகம். உள்ள நுரையீரலக் காப்பாத்திக் கொடுத்துடும், ஆள சாய விடாது. தொண்டையில வந்து ஒக்கார்றத மட்டும் தடுக்க முடியாமப் போயிடும். சும்மா லேசா கரகரன்னு இருந்துட்டுப் போயிடும்."

"அந்த நேரத்துல பக்கத்துல இருக்கறவங்களுக்கு?"

அந்தப் பொண்ணு சீட்ட மடிச்சுது, பிரிச்சுது. யாருகிட்டேர்ந்து வேணா வந்திருக்கலாம்னுச்சு. டீக்கடை, ரேஷன் கடை, பஸ்ஸு.

"நான் எங்கேயும் விடல நர்சம்மா," அப்படின்னா பாப்பாயி. "முடி வெட்டக்கூட விடல."

நர்சு அதுக்கு மேல உக்காரல. ஊசியப் பத்தி ஒரு வார்த்த பேசல. பங்குனியிலயே அரியமுத்துக்குப் போட்டிருந்தா வைகாசிக்குள்ள கொஞ்சமாவது புடிச்சிருக்கும்னு அதுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

இப்ப ஊர்ல யாரும் கொரோனா பேச்சே எடுக்கறதில்ல. போன மாசியில ஒரு புள்ளைக்கு அம்மை போட்டுச்சுன்னு பாப்பாயியக் கூப்புட வந்தாங்க. அம்மைக்குப் போனா ஒண்ணும் ஆவாதுன்னு அவளுக்குத் தெரியும். ஆனாலும் வேற ஆளப் பாத்துக்குங்கன்னுட்டா. திமிரு ஏறிடுச்சுன்னு பேசினாங்க. பேசட்டும்.

முந்திரிப்பழத்த அவ நர்சு சீட்டு கொண்டாந்த அன்னியோட விட்டவ. கொட்டைய மட்டும் திருகிட்டு பழத்த ஆட்டுக்குப் போட்டுடுவா. இந்தச் சித்திரையில மவ கவியா வந்திருந்தா. தோப்புல கொட்டை பொறுக்கிக்கிட்டு இருந்த பாப்பாயி, திடீர்னு தரையில உக்காந்து பழத்த எடுத்துத் தின்ன ஆரம்பிச்சா. உப்பில்ல, ஒண்ணுமில்ல. மூணு, அஞ்சு, ஒம்போது. சாறு மொழங்கை வரைக்கும் வழிஞ்சுச்சு.

"என்னம்மா பண்ற? தொண்டயப் புடிச்சுக்கப் போவுது."

"புடிக்கட்டும். ரெண்டு நாளு இருக்குமான்னு பாக்கறேன்."

எதுக்குன்னு கவியா கேக்கல. அவளுக்குத் தெரியும். ரெண்டு நாளு இருந்துட்டா, அன்னிக்கும் அது வெறும் பழமாத்தான் இருந்திருக்கும்.

சாயங்காலம் நல்லாக் கரகரன்னுச்சு. பேச்சே தேஞ்சு போச்சு. பாப்பாயி தண்ணி குடிக்கல, வெந்நி வேணாம்னுட்டா, அத அப்படியே காப்பாத்தி வச்சுக்கிட்டுப் படுத்தா.

காலையில எழுந்து வாசல்ல உக்காந்தா. எச்சில முழுங்கிப் பார்த்தா. இன்னொரு வாட்டி முழுங்கிப் பார்த்தா. செருமிப் பார்த்தா.

தொண்டையில ஒண்ணுமே இல்ல.