வாட்ச் வாருக்கு ஒரே ஒரு துளை

என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. வேண்டாம் என்று ஆரம்பிக்கிறவர்கள் பின்னால் பெரிதாக ஏதாவது கேட்பார்கள். இவர் கேட்டது ஒரு வாட்ச் வார்.

"எங்கப்பா வாட்ச் இருக்குங்க்கா. ஸ்ட்ராப் அந்து போயி ரெண்டு வருஷமா பீரோவுல கெடக்கு. அதுக்கு நல்லதா ஒரு தோல் ஸ்ட்ராப் போட்டு, மேடையில உங்க தங்கச்சி கையால கட்டிவிட்டாப் போதும்."

அவருடைய அப்பா இறந்து இரண்டு வருஷம். எங்கள் அப்பா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அம்மா நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். ஆகவே எங்கள் வீட்டில் பேசுகிற ஆள் நான்தான். திருநள்ளாறில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாம் தைப்பேன். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் திரும்பி வந்தவள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வேறு யாராவது சொல்வார்கள்.

என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் விரல் கணுவைத் தாண்டி இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதை வைத்து மூன்று வருஷம் ஓட்டினார்கள். குழம்பில் உப்பு குறைந்தாலும் மோதிரம், கதவைச் சத்தமாகச் சாத்தினாலும் மோதிரம். "அளவு தெரியாத குடும்பம்." அந்த வீட்டை விட்டு வந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் முதல் பிடி அந்த மோதிரம்தான். என் தங்கையின் மாமியாருக்கு அப்படி ஒரு பிடி கிடைக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அளவெடுக்கப் பூவத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். மாப்பிள்ளையின் அம்மா வாட்ச்சை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார். முடிச்சை அவிழ்க்க அத்தனை நேரம் ஆகாது.

"தோலுங்கிறீங்க. மாட்டுத்தோலா?"

"ஆமாங்க அத்தை."

"நல்ல காரியத்துக்குத் தட்டுல வைக்கிற சாமான்..."

அறுந்துபோன பழைய வார் வாட்ச்சின் ஒரு பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா இத்தனை வருஷம் கட்டியிருந்தது என்ன தோல் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தங்கை கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்: "அக்கா, அங்க போயி வாயத் தொறக்காத. அளவ எடு, டீயக் குடி, பஸ் ஏறு." விழுங்கிக்கொண்டேன்.

"தனித் தட்டுல வைச்சிடுறேங்க அத்தை."

"கருப்பு வேணாம். சொல்லிட்டேன். அவனுக்கு ஏழரை நடக்குது."

"பழுப்புதான் சொல்லப்போறேன்."

மாப்பிள்ளை இடதுகைக்காரர். எழுதுவது, ஸ்க்ரூ திருகுவது எல்லாம் இடது கையால். ஆகவே வாட்ச்சை வலது கையில் கட்டுவார். ஆம்பிளைகளுக்குக் கோயில் கயிறு கட்டுவதும் வலது கையில்தான். வீட்டுக்காரர் போன பிறகு இந்த அம்மாவுக்கு மகனைப் பற்றிய பயம் பிடித்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயிலுக்கு வரும்போதெல்லாம் ஒரு கயிறு வாங்கிப்போய் அவர் கையில் கட்டிவிடுவார். கருப்பு, சிவப்பு, மஞ்சள் என்று எண்ணினால் எட்டு இருந்தது. வியர்வையும் எண்ணெயும் ஊறி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி ஆகியிருந்தது.

அந்தக் கயிறுகளைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவிர, தையல்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பில் கழற்றாமல் கிடப்பது எதுவோ அதையும் சேர்த்துத்தான் அளப்போம். இடுப்பு அளவைப் பாவாடை நாடாவுக்கு மேலேதான் எடுப்போம். இந்த ஆள் இந்தக் கயிறுகளோடுதான் இருக்கப்போகிறார் என்று நினைத்தேன். டேப்பைக் கயிற்றுக்கு மேலேயே சுற்றினேன். பதினெட்டரை சென்டிமீட்டர். மோதிரம் ஞாபகம் வந்தது. இறுகக் கூடாது என்று அரை சென்டிமீட்டர் கூட்டிப் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டேன்.

கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுக்கு ரெடிமேடு கெடையாதும்மா. வார் நுழையிற எடம் பதினேழு மில்லி. பதினாறு போட்டா ஆடும், பதினெட்டு போட்டா நுழையாது. சொல்லித்தான் செய்யணும்." அவரே ஆம்பூரில் கையால் வார் தைக்கிற ஒருவரின் நம்பரைக் கொடுத்தார்.

அந்த ஆம்பூர்க்காரர் போனில் தோல் துண்டுகளைப் படம் எடுத்து அனுப்பினார். வாட்ச் பக்கம் எத்தனை தடிப்பு, பக்கிள் பக்கம் எத்தனை, உள்பக்கத்துக்கு என்ன தோல், தைக்கிற நூல் என்ன நிறம் என்று வரிசையாகக் கேட்டார். எனக்குப் பிடித்துவிட்டது. வேலை தெரிந்தவன் கேள்வி கேட்பான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன ஓட்டை போடணும் மேடம்? அஞ்சு போட்டுறவா?"

"எதுக்கு அஞ்சு? ஒண்ணு போதும்."

"ஒண்ணுன்னா பாக்கறதுக்கு அம்சமா இருக்கும். ஆனா அளவு கரெக்டா இருந்தாத்தான் ஆகும். பக்கத்துல ரெண்டு சேத்துப் போட்டா உங்களுக்கும் பயமில்ல, எனக்கும் பயமில்ல."

"சார், நான் டைலர். இருபது வருஷமா அளவு எடுக்கிறேன். நீங்க ஒண்ணு போடுங்க."

"சரிங்க. பேப்பர வெட்டி ஒருதடவ வெறுங்கையில சுத்திப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

"அளவப் பத்தி எனக்கு நீங்க சொல்லாதீங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த மனிதர் 'வெறுங்கை' என்றுதான் சொன்னார். என் காதிலும் விழுந்தது. ஐந்து துளை போட்ட வார், யார் கை என்றே தெரியாமல் செய்த வார். எங்கள் வீட்டிலிருந்து போகிற வார் அவர் ஒருவர் கைக்கென்றே அளந்து செய்ததாக இருக்க வேண்டும், அதை எல்லாரும் பார்க்க வேண்டும். என் திமிர் அது. வேறு பெயர் வைத்து மறைக்க விரும்பவில்லை.

மூன்று வாரம் ஆகும் என்றிருந்தார் ஆம்பூர்க்காரர். விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் கூரியர் வந்தது. அதுவரை இருந்த பதற்றத்தில் கடையில் நான் தைத்த இரண்டு ரவிக்கைகளுக்கு இடது கை வலது கை மாறிப்போனது. பார்சலைப் பிரித்தால், வேலை அத்தனை சுத்தம். விளிம்பு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. தையல் ஒவ்வொன்றும் ஒரே சாய்வு. என் மெஷின் கூட அப்படிப் போடாது. டேப்பை வைத்துப் பார்த்தேன், ஒரு நூல் இடம் தப்பவில்லை. ரிப்பேர்க்காரர் வாட்ச்சில் மாட்டிக் கொடுத்தார். பூவத்துக்கு எடுத்துப்போய் ஒருமுறை கட்டிப் பார்த்துவிடலாம் என்று போன் செய்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"முன்னாடியே கட்டிப் பாக்கறதுன்னா அப்பறம் மேடை எதுக்கு? அன்னிக்கு நல்ல நேரத்துல கட்டட்டும்."

சனிக்கிழமை கோயில் கூட்டத்தில் எங்கள் ஊரில் நிற்க இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு லாட்ஜின் கீழ் ஹாலை எடுத்திருந்தோம். வாட்ச்சைத் தனித் தட்டில், பட்டுத்துணி மேல் வைத்தேன். பத்திரிகை வாசித்து, தட்டு மாற்றி முடிந்தது. தங்கை வாட்ச்சை எடுத்தாள். மாப்பிள்ளை வலது கையை நீட்டினார். பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

தங்கை பக்கிளை மாட்டிக் கையை எடுத்தாள். வாட்ச் அப்படியே சரிந்து, தலைகீழாகத் திரும்பி, கட்டைவிரல் எலும்பில் வந்து நின்றது.

அவள் மேலே தூக்கிவிட்டாள். மறுபடியும் விழுந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமா முன் வரிசையில் இருந்தார். "என்ன மாப்ளே, வாட்ச் போடுறாங்கன்னு பாத்தா வளையல் போடுறாங்க!"

சிரித்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களும்தான்.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "அக்காக்காரி டைலருன்னாங்க" என்றார்.

மேடை ஏறினேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒரு கயிறு கூட இல்லை. கயிறு கிடந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்து, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாகத் தெரிந்தது. கை என் கணக்கை விட மெல்லிய கை. தப்ப வேறு துளையும் இல்லை.

தங்கை என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். எனக்குப் புரிந்தது. இருந்தும் வாய் திறந்தேன்.

"அளவு தப்பில்லங்க அத்தை. நான் அளந்தப்ப இந்தக் கையில எட்டுக் கயிறு கெடந்துச்சு. நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. அத அறுத்தது யாரு?"

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. அன்று காலை அவர்தான் அறுத்திருக்கிறார். அறுத்ததால் வார் தொளதொளக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரை அத்தனை பேர் முன்னால் நிறுத்திவைத்துக் கேட்டுவிட்டேன். மோதிரத்துக்கு மூன்று வருஷம் என்றால் இதற்கு எத்தனை வருஷம் என்று மனசு கணக்குப் போட்டது. எனக்கு அல்ல, அங்கே வாழப்போகிறவளுக்கு.

"நான்தான் அறுத்தேன்" என்றார் மாப்பிள்ளை. "போட்டோவுல அழுக்காத் தெரியும்னு."

பச்சைப் பொய். அவர் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. மாப்பிள்ளை சட்டைக் கையை மடக்கினார். வாட்ச்சை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளி, முன்கையின் பாதி வரைக்கும் கொண்டுபோனார். சதை தடித்த இடத்தில் அது இறுகி நின்றது. என் தங்கையிடம், "இங்க நல்லாத்தானே இருக்கு? நுனியச் சொருகிவிடு" என்றார். அவள் வாரின் நுனியை வளையத்துக்குள் செருகினாள்.

"எலேய், பிரஷர் பாக்க வந்த மாரி இருக்குடா" என்றார் தாய்மாமா. இந்தத் தடவை மாப்பிள்ளையும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. இறங்கி, கை கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றேன். பந்தி முடியும் நேரத்தில் அந்த அம்மா கை கழுவ வந்தார். பக்கத்துக் குழாயைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"புதுக் காரியத்துக்குப் பழைய கயிறு ஆகாதுன்னு அறுத்து ஆத்துல விட்டேன். அதுல ஒண்ணு அவங்கப்பா இருந்தப்ப கட்டுனது. அறுக்க மனசே வரல." குழாயை மூடினார். "என்னைய மேடையில வச்சுக் கேட்டுட்டியேம்மா."

"கேட்டது தப்புதாங்க. ஒரு ஓட்டை போதும்னு சொன்னதும் நான்தான். ரெண்டும் என் தப்பு."

இப்படி ஒத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. வார்த்தை கட்டை மாதிரி வந்தது.

"வாட்ச்சக் குடுங்க. நாளைக்கே ரெண்டு ஓட்டை போட்டுக் குடுத்துடுறேன்."

"வேணாம். கத்தி, ஊசி ஒண்ணும் படவேணாம். அப்படியே இருக்கட்டும்."

அது கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தோலில் துளை போடுகிற கருவி ஒன்றை மறுநாளே வாங்கிவிட்டேன். கத்தரிக்கோல் டிராயரில் கிடக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா கோயிலுக்கு வந்தார். வெயிலுக்கு ஒதுங்குகிற மாதிரி என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். மகனுக்குக் கட்ட ஒரு கருப்புக் கயிறு வாங்கிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். கிளம்பும்போது, "இதோட ஒண்ணு" என்றார். அதற்கு அடுத்த சனிக்கிழமை, "ரெண்டு." நேற்றைய கணக்குக்கு ஐந்து. கயிறு ஏற ஏற, மாப்பிள்ளை வாட்ச்சை இப்போது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கட்டுவதில்லை, கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது என்று தங்கை சொல்கிறாள்.

மேடையில் நான் கேட்டதைப் பற்றி, அன்று குழாயடியில் சொன்னதற்குப் பிறகு, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைக்குப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டுதான் டீ சொல்கிறேன்.

தை மாதம் கல்யாணம். அன்று அதே வலது கையில் மஞ்சள் கிழங்கு வைத்துக் காப்பு கட்டுவார்கள். அது எத்தனை தடிப்பு வரும் என்று ஐயரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.