படித்ததாக வைத்துக்கொள்வோம்

எங்கள் வட்டாரச் சபையில் இருபத்தொரு உறுப்பினர்கள். இருபத்தொரு பேருக்கும் வாய் நீளம். அதைச் சரிக்கட்டத்தான் குறிப்பெழுத ஓர் அம்மாளைப் பேச்சே இல்லாமல் படைத்தார்கள் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். தலைவருக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மேசை, நான்கு பென்சில், ஒரு தம்ளர் தண்ணீர். இருபத்தாறு வருஷமாகச் சபை கத்துகிறது, அவர் எழுதுகிறார். எல்லோரும் அவரைக் குறிப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் பெயிண்ட் கடைக்காரன், இரண்டாம் முறை உறுப்பினர். சபையில் கால்மணி நேரம் சுற்றி வளைத்து, நடுவில் தண்ணீர் லாரிக்காரனையும் திட்டிவிட்டு உட்காரும்போது, என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. குறிப்பக்கா எழுதியதைப் பார்த்தால், "செலவைக் குறைக்க உறுப்பினர் வலியுறுத்தினார்" என்று இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். எங்களில் ஒருவருக்கு அரைமணி என்று பட்டப்பெயர். அதற்குக் குறைந்து அவர் பேசியதே இல்லை. அந்த அரைமணி நேரத்தையும் அக்கா "ஆதரித்தார்" என்று ஒரே சொல்லில் மடித்து வைத்துவிடுவார். அரைமணிக்கு அது தெரியாது. குறிப்பை யார் படிக்கிறார்கள்?

சட்டப்படி ஒவ்வொரு கூட்டத்திலும் முந்தைய கூட்டத்தின் குறிப்பை உரக்கப் படிக்க வேண்டும். எங்கள் தலைவர் ஒரு பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருப்பதையே பார்த்துப் பழகியவர் என்பதால் எங்களைச் சமாளிக்கப் பெரும்பாடு படுவார். "படித்ததாக வைத்துக்கொள்ளலாமா?" என்பார். "வச்சுக்கலாம்!" என்று ஒரே குரலில் சொல்வோம். அதில் முதல் குரல் என்னுடையது, ஏனென்றால் அது முடிந்ததும் டீ வரும்.

அக்காவிடம் கருத்து என்று ஒன்றை யாரும் பிடுங்க முடியாது. ஒருமுறை ஓட்டெடுப்பு முடிந்து, "நீங்களா இருந்தா எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"குறிப்பு எடுக்கறவளுக்குப் பக்கம் இருந்தா பென்சில் சாய்ஞ்சுடும்ங்க" என்றார்.

அவருடைய கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். முப்பது வயதில் பார்வை போனவர். அதற்குப் பிறகு கிடைத்த வேலை இது. முதல் இரண்டு வருஷம் அக்காதான் இரண்டு பஸ் மாற்றி, கூட்டத்தில் இடிபட்டு, கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார். மனுஷன் கூனிக் குறுகிப் போனார். பிறகு அவராகவே பயணிகள் ரயிலைக் கண்டுபிடித்தார். ஒன்பது ஸ்டேஷன், மெதுவாகப் போகும், எல்லா இடத்திலும் நிற்கும். பாலம் கடகடத்தால் மூன்றாவது, மாவு மில் வாசனை வந்தால் ஆறாவது என்று கணக்கு வைத்துக்கொண்டு, கைத்தடியோடு தனியாகப் போய்வர ஆரம்பித்துப் பதினேழு வருஷமாயிற்று. யாராவது உதவிக்குக் கையை நீட்டினால் கோபம் வந்துவிடும். "இனிமே ஒருநாள் உன் கையைப் புடிச்சிட்டு வேலைக்குப் போற நெலம வந்துச்சுன்னா, அன்னிக்கே வேலைய விட்டுடுவேன்" என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

இந்த நேரத்தில்தான் அதிவேக ரயில் வந்தது. ரயில் வரவில்லை, அதைப் பற்றிய பேச்சு வந்தது. அரசாங்கத்திடம் பணமில்லை; ஒரு கம்பெனி பணம் போட்டுப் பாதை போடும், நாற்பது வருஷம் ஓட்டி எடுத்துக்கொள்ளும். நிலம் எங்கள் எல்லைக்குள் என்பதால் சபையின் சம்மதம் வேண்டும். சபை இரண்டாகப் பிளந்துகொண்டது.

"அரசாங்கத்தை நம்பினா நம்ம பேரப்பசங்கதான் ஏறுவாங்க!"

"அவன் என்ன தர்மத்துக்கா பணம் போடறான்? வட்டியும் முதலுமா உருவிடுவான்!"

"அப்ப நடந்தே போங்க!"

நான் கம்பெனிக் கட்சி. நாட்டு நலன், வளர்ச்சி என்றெல்லாம் முழங்கினேன். புது ஸ்டேஷன் என் கடையிலிருந்து இருநூறு அடியில் வரப்போகிறது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனி அதிகாரி பதில் சொல்ல எழுந்தார். நீல டை, குளுகுளு சிரிப்பு. ஆட்கள் ஏறாவிட்டால் போட்ட பணத்தை எப்படி எடுப்பீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

"ஏறுவாங்க சார். ஒப்பந்தத்தோட நாப்பத்தொண்ணாம் பிரிவுப்படி, இப்ப ஓடற பயணிகள் ரயில் படிப்படியா நின்னுடும்."

சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அரைமணியின் முகவாய் மார்பில் கிடந்தது. நான் மேசைக்கடியில் செல்போனில் பெயிண்டில் கலக்கும் தின்னரின் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியை எதிர்த்தவர்கள்கூட மறுநாள் பத்திரிகையில் எப்படித் திட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்ட ஒரே ஆள் பென்சில் பிடித்திருந்தவர்.

பதினைந்து நாள் கழித்து ஓட்டெடுப்புக் கூட்டம். தலைவர் வழக்கம்போலக் கேட்டார், நாங்களும் வழக்கம்போல "வச்சுக்கலாம்" என்றோம். அதைக் கேட்டதும் அக்கா உட்கார வேண்டும். உட்காரவில்லை. கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு நின்றார்.

"உக்காருங்கம்மா" என்றார் தலைவர்.

"ஒரே ஒரு உறுப்பினர் படிக்கச் சொன்னாலும் படிக்கணும்னு விதி இருக்குங்க. யாராவது சொல்றாங்களான்னு பாக்கறேன்."

"யாரும் சொல்லலையே."

"இன்னும் சொல்லலைங்க."

யாரோ சிரித்தார்கள். டீக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா யாரையும் பார்க்கவில்லை, ஆனால் முதல் பக்கத்தைப் புரட்டி முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்தில் அவர் எங்களிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"படிங்கக்கா" என்றேன். என் கட்சிக்காரர்கள் என்னை எரிப்பதுபோல் பார்த்தார்கள்.

படித்தார். இந்த முறை ஒரு சொல்லையும் சுருக்கவில்லை. மூன்று மணி நேரம், ஏற்ற இறக்கமே இல்லாத குரல். அரைமணி "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று பதினோரு தடவை சொல்லியிருந்தார், பதினொன்றும் வந்தது. என்னுடைய தண்ணீர் லாரியும் வந்தது. தரைக்குள் புதைந்துவிடலாமா என்றிருந்தது. அப்புறம் நீல டையின் பதில் வந்தது. அதையும் அதே குரலில் படித்தார். படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"என்னது?" என்று அரைமணி துள்ளி எழுந்தார். "நம்ம ரயில் நிக்கப் போகுதா?" அவர் வாழ்நாளிலேயே சுருக்கமான பேச்சு அதுதான்.

என் கடைப் பையன்கள் மூன்று பேரும் அந்த ரயிலில்தான் வருகிறார்கள். எனக்கு முதலில் நீல டைமேல் ஆத்திரம் வந்தது; அடுத்தது என்மேல். நாற்பத்தொன்றாம் பிரிவை எடுத்தால்தான் சம்மதம் என்று இருபத்தொரு பேரும் ஒன்றாக ஓட்டுப் போட்டோம். கம்பெனி இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டு, கடைசியில் எடுத்தது. இரண்டு கட்சியும் ஜெயித்தது தாங்கள்தான் என்று போஸ்டர் ஒட்டின.

அந்தக் கூட்டத்தின் குறிப்பை மட்டும் நான் தேடிப்போய்ப் படித்தேன். "உறுப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டபடி குறிப்பு படிக்கப்பட்டது" என்றிருந்தது.

"என் பேரையாவது போட்டிருக்கலாமேக்கா?"

"போட்டா நான் உக்காராம நின்னதையும் போடணும்ங்க" என்றார்.

சில நாள் கழித்து என் ஸ்கூட்டர் மக்கர் பண்ணியதால் அந்த ரயிலில் ஏறினேன். எதிரே அக்காவின் கணவர். அறிமுகம் செய்துகொண்டு, ரயிலைக் காப்பாற்றியதே நான்தான் என்று கொஞ்சம் அளந்தேன். பிறகு மனசு கேட்காமல், அக்கா நின்றதையும் சொல்லிவிட்டேன். பாலம் கடகடத்ததும் அவர் மூன்றாவது விரலை மடித்துக்கொண்டார்.

"அவளும் இதே ரயில்லதான் வர்றா சார்" என்றார். "கடைசிப் பெட்டியில. பதினேழு வருஷமா. பஸ்ஸுல இப்படி மறைஞ்சு வர முடியாது பாருங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும். அவகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நிம்மதியா இருக்கா."

ஒன்பதாவது ஸ்டேஷனில் அவர் இறங்கித் தடியைத் தட்டிக்கொண்டு நடந்தார். நானும் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். இருபதடி பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு குறிப்பக்கா வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார். அந்த நேரம் பார்த்து இருவருக்கும் நடுவில் ஒரு சாமான் வண்டி குறுக்கிட, அக்கா நின்றுவிட்டார். முன்னால் போனவரும் நின்றார். குனிந்து, அவிழாத செருப்பு வாரை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தார்.