தோள் துண்டு

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறையில் பன்னிரண்டு வருஷம் கை காட்டியவர் பரமசிவம். கப்பலின் சரக்கறை வாயில் நின்றுகொண்டு, உள்ளே இறங்கும் மூட்டைகளைப் பார்த்து, வின்ச் என்ற நீராவிப் பாரந்தூக்கியை ஓட்டுகிறவனுக்குச் சைகை தர வேண்டும். வின்ச்காரனுக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. நீராவி இரைச்சலில் காதும் கேட்காது. பரமசிவத்தின் கைதான் அவனுக்குக் கண்.

அந்தக் கை அவருடையதாக மட்டுமே இருக்க வேண்டும் என்று பரமசிவத்துக்குப் பெரிய ஆசை. 1907இல் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார். ஒரு கப்பல் சரக்கேறாமல் சும்மா நின்றது. துரைக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் இன்னொருவனுக்கு எல்லாவற்றையும் பழக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வந்து சேர்ந்தவர் அப்துல் காதர். ஆற்றில் படகு தள்ளியவர், பரமசிவத்தைவிட ஐந்து வயது மூத்தவர், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறவர். அதுதான் பரமசிவத்துக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டால் ஒருவன் எதற்கு?

அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கப்பலுக்கு ஓடுவார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் தீபாராதனை முடியும்வரைகூட நிற்க மாட்டார். காதர் அதற்குள் என்னென்ன கற்றுக்கொண்டிருப்பாரோ என்ற கவலை. கற்றுக் கொடுப்பவரே இவர் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது!

விரித்த கை என்றால் இறக்கு, மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. எல்லாம் சொல்லிக் கொடுத்தார், ஒன்றைத் தவிர. முஷ்டியைக் காட்டினால் வின்ச் மெதுவாகத்தான் நிற்கும். அதற்குள் இரண்டு முழக் கயிறு இறங்கிவிடும். உயிருக்கு ஆபத்து என்றால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஆட்டி வீச வேண்டும். வின்ச்காரன் பாலகிருஷ்ணன் அந்த நொடியே முழுப் பிரேக்கும் போட்டுவிடுவான். இவர்கள் இருவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

ஒரு புதன்கிழமை, கொளுத்தும் வெயிலில், காதர் பாவம் முகம் துடைக்கத் துண்டை எடுத்து உதறினார். மிளகு மூட்டைகள் அந்தரத்தில் தடாலென்று நின்று ஆடின. துரை வந்து இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"பாய் துண்டை வீசினாரு, நிறுத்தினேன். நீங்க சொல்லித் தரலையா?" என்று பாலகிருஷ்ணன் தனியாக வந்து கேட்டான்.

"சொன்னேன்பா. மறந்துட்டாரு போல" என்றார் பரமசிவம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

காதரிடம் வேறு கதை. "உங்க துண்டு அவன் கண்ணை மறைக்குது பாய். நாளையிலேர்ந்து தோள்ல துண்டு வேணாம்."

"சரி தம்பி. உங்களுக்குத்தான் என்னால கெட்ட பேரு" என்றார் காதர். பரமசிவத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் துண்டின் ரகசியத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் காதர் வெறுந்தோளோடு சரக்கறை வாயில் நின்றார். மேலே நின்று பார்ப்பது பரமசிவத்துக்குப் போதவில்லை. மூட்டை கோணலாக இறங்குகிறதா, துரையிடம் போய்ச் சொல்ல ஒரு குற்றமாவது அகப்படுமா என்று ஏணி வழியே உள்ளே இறங்கினார். அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே கால் சிக்கிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே வந்துகொண்டிருந்த சுமையின் கயிறு ஒரு பக்கம் நழுவிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஆபத்து என்றதும் கை தானாகத் துண்டுக்குப் போயிற்று. வீசினார். மறுபடி வீசினார். காதர் குனிந்து பார்த்தார். புழுக்கத்தில் விசிறிக்கொள்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அந்த முகத்தைக் கண்டு பதறி, தமக்குத் தெரிந்த ஒரே வழியாக முஷ்டியை உயர்த்தினார். வின்ச் நின்றது, இரண்டு முழம் இறக்கிவிட்டு. சரிந்த மூட்டை பரமசிவத்தின் முழங்காலை நொறுக்கியது.

பலகையில் படுக்கவைத்து மேலே தூக்கி வந்தார்கள். காதர் அழுதுகொண்டே கேட்டார்: "துண்டை ஏன் தம்பி வீசினீங்க?"

"அது... உடனே நிறுத்தச் சொல்ற சைகை, பாய்."

காதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ நேத்து நான் துண்டை எடுத்தப்போ?"

"தெரிஞ்சுதான் மறைச்சேன்" என்றார் பரமசிவம். சொல்லிவிட்டு, கையில் இறுக்கிப் பிடித்திருந்த துண்டை நீட்டினார். காதர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சரக்கறைப் பக்கம் நடந்தார். உள்ளே இன்னும் ஆறு பேர் வேலையில் இருந்தார்கள்.

"பாய்! மழை நாள்ல கயிறு வழுக்கும், முஷ்டியை முன்னாடியே காட்டணும்! அந்திக்கு மேல வெள்ளைத் துண்டுதான் போடணும்!" வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பரமசிவம் பலகையிலிருந்தே கத்தினார். பன்னிரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த அத்தனையையும் கத்திச் சொல்லிக்கொண்டே போனார். சுமந்தவர்கள் துறைமுக வாசலைத் தாண்டிவிட்டார்கள். வின்ச் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. காதரின் காதில் ஒன்றும் விழுந்திருக்காது.