ஒன்பது நிமிட நிறுத்தம்

தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் சேர்ந்தது சான்றிதழ்கள் டைப் அடிக்க. பள்ளியின் பதினோரு பேருந்துகளுக்கும் ஜி.பி.எஸ். கருவி பொருத்தியபோது, காலை ஏழு மணிக்கே வந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. என் வீடு பள்ளிக்குப் பின் தெருவில். அதனால் என் மேசைமேல் இரண்டாவதாக ஒரு கணினித் திரை வந்து உட்கார்ந்தது. ஓடுகிற வண்டி அதில் பச்சைப் புள்ளி, நிற்கிற வண்டி சிவப்புப் புள்ளி.

ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வண்டி வெண்ணாற்றைத் தாண்டுவதையும் இன்னொன்று ஒரத்தநாட்டுச் சாலையில் திரும்புவதையும் பார்ப்பது விளையாட்டுப் போல இருந்தது. பெற்றோர்களின் போனிலும் அதே புள்ளிகள் தெரியும் என்பதுதான் தொல்லை. வண்டி நின்ற இரண்டாவது நிமிடம் எனக்கு அழைப்பு வரும்.

"பஸ்ஸு பத்து நிமிஷமா ஒரே எடத்துல நிக்குதே, டிரைவர் டீ குடிக்கிறாரா?"

"இல்லைங்க, பாலத்துல எதிர்க்க நெல்லு லாரி வந்துட்டுதாம். ஒதுங்க எடமில்லைங்க."

"தினம் இதே கதைதான் சொல்றீங்க."

தினமும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் அத்தனை ஆறு, அத்தனை பாலம். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில்தான் நாம் எல்லோரும் போய்வர வேண்டும். இதெல்லாம் சிவப்புப் புள்ளியில் தெரியாது.

ஆறாம் எண் பேருந்து திருவையாற்றுப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவது. அதன் டிரைவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வடநாட்டுக்கு லாரி ஓட்டிவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஊரோடு இருக்கலாம் என்று வந்தவர். பேச்சு மிகக் குறைவு. வண்டிக்கு ஆயாவாக இருந்த அம்மாவும் அவர் ஊர்தான். நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதுகு வளையவில்லை என்று இந்த வேலைக்கு வந்தார். எல்.கே.ஜி. குழந்தைகளிலிருந்து தலைமை ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவர் ஆயாம்மா. வண்டியில் தூங்கிப்போகும் குழந்தைகளைத் தோளில் போட்டு வகுப்பு வரை கொண்டுவந்து விடுவார்.

அந்த வண்டிக்குக் காலையில் இரண்டு நடை. முதல் நடையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஏழே முக்காலுக்குள் இறக்கிவிட்டு, காலி வண்டியாகத் திரும்பிப் போய்ச் சின்னப் பிள்ளைகளை ஏற்றிவர வேண்டும். அப்படிக் காலியாகப் போகும்போது, குடமுருட்டிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சந்து முனையில் தினமும் எட்டு ஐந்துக்கு நின்று எட்டு பதினாலுக்குக் கிளம்பியது. அங்கே நம் பிள்ளைகள் யாரும் இல்லை. டீக்கடையும் இல்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காரணமில்லாத நிறுத்தங்களை அச்செடுத்துத் தாளாளரிடம் கொடுப்பது என் வேலை. கொடுத்தேன். முதல் மெமோ போனது. அடுத்த மாதம் இரண்டாவது. மூன்றாவது வந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது மெமோவில் கையெழுத்துப் போட வந்தவரிடம் கேட்டேன்.

"அண்ணே, விளக்கம்னு ஒரு எடம் இருக்கு பாருங்க. என்ன காரணம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா நான் பேசிப் பாப்பேன்."

"காரணம் ஒண்ணுமில்லைங்க மேடம். சும்மாதான் நின்னேன்."

"தினமுமா?"

"தினமுந்தான்." பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை பஸ் ஷெட்டில் இன்னொரு டிரைவர், நான் காதில் வாங்கட்டும் என்றே சொன்னார்: "அது மட்டுமா? அந்த ஆயாவும் கூடவே எறங்கிப் போகுதாம்ல." இரண்டு பேர் சிரித்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு விதை போட்டது நான் அச்செடுத்த தாள்தான் என்ற நினைப்பு இரவுச் சாப்பாடு வரை கூடவே வந்தது.

தாளாளர் அறுபது வயதுக்காரர். கெட்டவரில்லை. யாரைப் பற்றியும் கெட்டது கேட்க விரும்பாதவர். "நீங்களே ஒரு நாள் வண்டியில போய்ப் பாத்துட்டு வந்துடுங்கம்மா. மூணாவது மெமோ குடுக்க எனக்கும் மனசில்லை" என்றார்.

பிள்ளைகள் ஏறும் நேரத்தைச் சரிபார்க்கப் போவதாகப் பொய் சொல்லிக்கொண்டு, ஒரு நாள் விடிவதற்குள் டவுன் பஸ் பிடித்துத் திருவையாற்றுக்குப் போய் ஆறாம் எண் வண்டியில் ஏறினேன். வீட்டில் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். ஆயாம்மா தன் பக்கத்து இருக்கையைத் துடைத்து, "இங்க உக்காருங்கம்மா, தூக்கிப் போடாது" என்றார்.

முதல் நடை ஒழுங்காகவே முடிந்தது. பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கும்போதே எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டும்போல இருந்தது. ஆனால் பின்னால் இன்னும் இரண்டு பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அலுவலர்களின் கழிவறை கட்டிடத்துக்குப் பின்கோடியில். அதன் பூட்டுத் திறப்பது எட்டரைக்கு. தாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பூட்டை அத்தனை வருடங்களாகப் பார்த்திருந்தும், காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் ஆயாக்கள் எங்கே போவார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

எட்டு ஐந்துக்கு அந்தச் சந்து முனை வந்தது. வண்டி நிற்கவில்லை. ஆயாம்மா ஜன்னல் வழியாக அந்தச் சந்துப் பக்கமே பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையை இழுத்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அடுத்த நிமிடமே வண்டி நின்றுவிட்டது. முன்னால் பாலத்தில் அறுவடை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி. அதற்கு எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த சந்திலெல்லாம் பைக்குகள் புகுந்து அடைத்துக்கொண்டன. யாரும் பின்னால் போகத் தயாரில்லை. பத்து நிமிடம் போனது, இருபது போனது. என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்த கார்க்காரர் இறங்கிவந்து, ஏதோ நாங்கள்தான் பாலத்தை அடைத்ததுபோல டிரைவரைத் திட்டினார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "நானும் பறக்கத் தெரியாமதாங்க நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. காலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பேசினாலே தாங்காது என்ற நிலை. பக்கத்தில் ஆயாம்மாவின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கடைசியில் வெட்கத்தை விட்டு அவர் காதருகே குனிந்தேன்.

"ஆயாம்மா, எனக்கு ரொம்ப அவசரமா இருக்கு. இங்க எங்கயாவது..."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, மேடத்துக்கும்..."

அந்த 'உம்'மில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது.

டிரைவர் கண்ணாடியில் ஆயாம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே, "நடந்தே போயிடலாம் மேடம். அக்கா வீடுதான். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு நிதானமா வாங்க. இது இப்போதைக்கு நகராது" என்றார்.

சந்துக்குள் வாழைத்தோப்பை ஒட்டிய வரப்பில் வேகமாக நடந்தோம். ஓட்டு வீடு. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்ததும் எழுந்து, "இன்னிக்கு ஏன் இவ்வளவு நேரம்? வாங்க, வாங்க" என்று கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்தார். நான் யார் என்று கேட்கவில்லை. கொல்லையில் ஒரு சிறிய கழிவறை. கழுவி விட்டிருந்தது. வாளி நிறையத் தண்ணீர், அதன்மேல் கவிழ்த்த குவளை. உள்ளே ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. அது யாருடையது, அதில் என்ன இருக்கும் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆயாம்மா என்னை முதலில் போகச் சொன்னார். நான் அவரை உள்ளே தள்ளிவிட்டு வெளியே நின்றேன். அந்த இரண்டு நிமிடம் நின்றதைத்தான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியமாக நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது ஆயாம்மா சொன்னார். சென்ற வருடம் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலோடு வண்டியிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். அடக்கி அடக்கி வைத்ததால் வந்தது என்று டாக்டர் சொன்னாராம். மாதவிலக்கு நிற்கும் வயது. அது வேறு நினைத்த நேரத்தில் பாடாய்ப் படுத்தும்.

"நான் அண்ணன்கிட்ட எதுவுமே சொல்லலைம்மா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுநாளு அந்தச் சந்து முனையில வண்டிய நிறுத்தினாரு. 'அக்காகிட்ட ஒரு சாமான் குடுக்கணும். எனக்குக் கால் வலி, நீங்க கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க'ன்னு ஒரு பையை நீட்டினாரு. பாத்தா நாலு வெங்காயம். அவங்க அக்கா அத வாங்கி வச்சிட்டு, நேரா கொல்லைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுலேருந்து தினமும்."

"மெமோ குடுத்தப்பவாவது சொல்லியிருக்கலாமே ஆயாம்மா."

"சொல்றேன்னுதான் சொன்னேன். அவருதான் வேண்டாம்னுட்டாரு."

பாலம் இன்னும் திறக்கவில்லை. டிரைவர் வண்டிக்கு வெளியே நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய், "என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க வேலை அது." ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டார். "வண்டி எங்க நிக்குதுன்னு நல்லாப் பாருங்க மேடம். புள்ளைங்க வர்ற வண்டி, பாக்கத்தான் வேணும். ஆனா ஒரு பொம்பளைக்கு ஒடம்புக்கு என்னன்னு நான் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? அது ஆபீஸ் பூரா சுத்தும். அதுக்கு மெமோவே தேவலை."

"இப்ப நான் என்ன சொல்றது அங்க?"

"அவங்க பேரு மட்டும் வேண்டாங்க."

நான் ஆயாம்மாவின் பேரைச் சொல்லவில்லை. மறுநாள் தாளாளர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, எனக்கு நடந்ததை மட்டும் சொன்னேன். ஒரே ஒரு காலைக்கே நான் பட்ட பாட்டையும், பதினோரு வண்டிகளில் பதினோரு பெண்கள் அதைத் தினமும் படுவதையும் சொன்னேன். ஓர் ஆண் மேலதிகாரியிடம் இதைப் பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் காது சிவக்க மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "என் வீட்டுக்காரம்மா டீச்சரா இருபது வருஷம் டவுன் பஸ்ல ஸ்கூலுக்குப் போனவங்க. ஒரு நாளும் என்கிட்ட இதச் சொன்னதில்லை" என்றார். உருண்டையை ஓரமாக வைத்துவிட்டு, "நானும் கேட்டதில்லை" என்றார்.

இரண்டு மெமோக்களையும் அவரே கோப்பிலிருந்து உருவிக் கிழித்தார். அந்தப் பின்கோடிக் கழிவறைச் சாவி அடுத்த வாரத்திலிருந்து வாட்ச்மேனிடம் காலை ஆறரைக்கே இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் வழியில் பத்து நிமிடம் நிற்க ஓர் இடம் ஒதுக்கலாம், காரணம் கேட்க வேண்டாம் என்று ஆணையில் எழுதச் சொன்னார். அந்த இடங்களை நான்தான் வரைபடத்தில் குறித்தேன். ஆயாக்கள் ஒவ்வொருவராக, வேறு ஏதோ கேட்க வந்தவர்கள்போல என் மேசைக்கு வந்து, தெரிந்த வீடு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஷெட்டில் அன்று சிரித்த டிரைவரும் வந்தார். "எங்க வண்டிக்கு சித்தி வீடு ஒண்ணு இருக்குங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சாலை மட்டும் மாறவில்லை. பாலத்தில் இன்றும் லாரி நிற்கிறது, பெற்றோர்கள் இன்றும் திட்டுகிறார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் நன்றி சொல்ல அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "தம்பி சொன்னுச்சு, நீங்கதான் கம்ப்யூட்டர்ல பாக்குறவங்களாம். எங்க வீடும் தெரியுமா அதுல?" என்று கேட்டார். போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வாழைத்தோப்பைக் கண்டுபிடித்தார், ஓட்டுக் கூரையைக் கண்டுபிடித்தார், மாட்டுக் கொட்டகையைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் எங்க இருக்கேன்?"

"நீங்க தெரிய மாட்டீங்கக்கா."

"வீட்டுக்குள்ள என்ன செய்யறோம்னும் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்குச் சாப்பாடு போட இலை நறுக்கத் தோப்புக்குள் போனார்.